ஓபிடி போர்ட்டில் எந்தப் பின் எதற்கு? ஸ்கேனர் பேசாதபோது எங்கே பார்ப்பது?

ஸ்டியரிங்குக்குக் கீழே, டிரைவரின் முழங்கால் இருக்கும் பக்கம் குனிந்து பார்த்தால் கையளவு கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் சாக்கெட் தெரியும். செக் என்ஜின் லைட் எரிந்தால் மெக்கானிக் ஸ்கேனரைச் செருகுவது அதில்தான். ஓபிடி (ஆன்-போர்டு டயக்னாஸ்டிக்ஸ், அதாவது கார் தன் கோளாறைத் தானே கண்டுபிடிக்கும் ஏற்பாடு) போர்ட் என்று சொல்வார்கள். ஸ்கேனர் ஒழுங்காகப் பேசுகிறவரை அதைப் பற்றி நாம் ஒன்றும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஸ்கேனர் திரையில் 'லிங்க் எரர்' என்று வந்துவிட்டால், இல்லை ஸ்கேனருக்கு உயிரே வரவில்லை என்றால், பல இடங்களில் அடுத்து வரும் வார்த்தை 'இசியூ போச்சு சார்' என்பதுதான். இசியூ என்பது என்ஜின் போன்றவற்றை நடத்தும் கணினிப் பெட்டி, அதன் விலை தெரிந்தவர்களுக்கு அந்த வார்த்தை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டாம். அந்த முடிவுக்குப் போவதற்கு முன்னால் ஒரு சாதாரண மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன, அவற்றை யாரும் கற்றுக்கொள்ளலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சாக்கெட் ஏன் எல்லாக் கார்களிலும் ஒரே மாதிரி இருக்கிறது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதும் அதிலிருந்தே புரியும். இதன் தொடக்கம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் வாகனப் புகை பெரிய தலைவலியாக இருந்ததால், அந்த மாநிலத்தின் காற்று வள வாரியம் 1980-களின் கடைசியில் ஒரு விதி கொண்டுவந்தது: புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்களில் கோளாறு வந்தால் காரே அதைக் கண்டுபிடித்து விளக்கு எரிய வேண்டும். ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி சாக்கெட் வைத்தது, ஒருவருடைய கருவி இன்னொருவருடைய காரில் வேலை செய்யாது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்ததுதான் ஓபிடி-2. 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் அது கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-ல் வந்தது. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகளோடு 2010-ல் ஓபிடி-1, 2013-ல் ஓபிடி-2 என்று படிப்படியாக வந்தது.

ஆக, இந்தப் போர்ட் பிறந்தது புகைக்காக. சட்டம் கட்டாயப்படுத்துவதும் புகையோடு தொடர்புள்ள தகவலை மட்டும்தான். ஏர்பேக், ஏபிஎஸ், கதவு லாக் இதெல்லாம் கம்பெனி தன் விருப்பப்படி தன் மொழியில் பேசலாம். விலை குறைந்த ஸ்கேனர் என்ஜின் கோடுகளை (கோளாறைச் சொல்லும் குறியீடுகளை) அழகாகப் படித்துவிட்டு ஏர்பேக் லைட்டைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பது இதனால்தான். ஸ்கேனர் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

சரி, சாக்கெட்டுக்கு வருவோம். இரண்டு வரிசை, வரிசைக்கு எட்டு, மொத்தம் 16 பின். சாக்கெட் முழு செவ்வகமாக இல்லாமல் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும், தலைகீழாகச் செருகிவிடக் கூடாது என்பதற்காக. அகலமான பக்கம் மேலே வருகிற மாதிரி வைத்து நேராகப் பார்த்தால் மேல்வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 8, கீழ்வரிசையில் இடமிருந்து வலமாக 9 முதல் 16. அதாவது கீழே வலது கோடியில் இருப்பது 16. ஆறுக்கு நேர் கீழே 14, ஏழுக்கு நேர் கீழே 15. இதை மனதில் வைத்துக்கொண்டால் படம் தேவைப்படாது. ஒன்று மட்டும் கவனம்: இந்தக் கணக்கு ஸ்கேனர் நுழையும் முகத்தைப் பார்க்கும்போது. சாக்கெட்டைக் கழற்றி வயர் வரும் பின்பக்கத்தைப் பார்த்தால் இடம் வலமாக மாறிவிடும். பல காரில் போர்ட் தலைகீழாகவும் பொருத்தப்பட்டிருக்கும். அதனால் முதலில் அகலமான பக்கம் எது என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு அப்புறம் எண்ணத் தொடங்குங்கள்.

அளப்பதற்கு முன் இன்னொன்று. காரில் இருக்கும் சாக்கெட்டுக்குள் இருப்பவை பெண் டெர்மினல்கள், மெல்லிய தகடு மடித்த சின்னக் கூடுகள். மல்டிமீட்டரின் தடித்த முனையை அதற்குள் அழுத்திச் செருகினால் தகடு விரிந்துவிடும். இன்றைக்கு அளவு சரியாகவே வரும், ஆனால் அதற்கப்புறம் ஸ்கேனர் செருகும்போது அந்தப் பின் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும், ஆட்டினால் இணைப்பு வரும், விட்டால் போகும். இப்படி விரிந்துபோன சாக்கெட்டே கோளாறுக்குக் காரணமாவது உண்டு. டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டையும் பாருங்கள், ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வாய் பிளந்திருந்தால் சந்தேகப்படுங்கள். அளக்க மெல்லிய ஊசி முனை வாங்கிக்கொள்ளலாம், அல்லது ஒரு ஓபிடி எக்ஸ்டென்ஷன் கேபிளைச் செருகி அதன் மறுமுனையில் அளந்தால் காரின் சாக்கெட்டுக்கு ஒன்றும் ஆகாது. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இப்போது பின் 16. இது பேட்டரியின் பாசிட்டிவ். சாவி இல்லாமலும் எப்போதும் கரண்ட் இருக்கும், வழியில் ஒரு ஃபியூஸ் மட்டும். ஸ்கேனரோ புளூடூத் அடாப்டரோ உயிர் பெறுவது இதிலிருந்துதான். என்ஜின் ஓடாதபோது 16-க்கும் 4-க்கும் இடையே அளந்தால் நல்ல பேட்டரியாக இருந்தால் 12.4 முதல் 12.7 வோல்ட் வரும், என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5-லிருந்து 14.5. ஸ்கேனரில் விளக்கே எரியவில்லை என்றால் இசியூவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், இசியூவுக்கும் அந்த விளக்குக்கும் சம்பந்தமில்லை. நேராக ஃபியூஸ் பாக்ஸுக்குப் போங்கள்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம், போர்ட்டுக்கென்று தனி ஃபியூஸ் எல்லாக் கார்களிலும் கிடையாது. நிறைய மாடல்களில் சிகரெட் லைட்டர் சாக்கெட், ரேடியோ, ரூம் லைட் இவற்றில் ஏதோ ஒன்றோடு ஃபியூஸைப் பகிர்ந்துகொண்டிருக்கும். லைட்டர் சாக்கெட்டில் மலிவான மொபைல் சார்ஜரைச் செருகி அது உள்ளே ஷார்ட் ஆனாலோ, ஒரு நாணயம் உள்ளே விழுந்தாலோ ஃபியூஸ் போகும். மொபைல் சார்ஜ் ஆகவில்லை என்று அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மாதங்கள் கழித்து செக் என்ஜின் லைட் எரிந்து ஸ்கேனர் மாட்டும்போது 'தொடர்பு இல்லை' என்று வரும். இரண்டுக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது. அதனால் போர்ட்டில் கரண்ட் இல்லை என்றால் முதல் கேள்வி: லைட்டர் சாக்கெட் வேலை செய்கிறதா?

அடுத்து 4, 5. இரண்டும் எர்த்தான், ஆனால் ஒரே எர்த் இல்லை. 4 என்பது பாடி எர்த், 5 என்பது சிக்னல் எர்த். எதற்கு இரண்டு என்று கேட்டால், பாடி வழியாக ஹெட்லைட், புளோயர், ஃபேன் என்று பெரிய பெரிய கரண்ட் எல்லாம் பேட்டரிக்குத் திரும்புகிறது, ஸ்டார்ட் அடிக்கும் நேரத்தில் ஸ்டார்ட்டர் மட்டும் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எர்த் வயர் போல்ட் துருப்பிடித்து 0.01 ஓம் ரெசிஸ்டன்ஸ் ஏறிவிட்டது என்று வையுங்கள், ஒன்றுமே இல்லாத அளவுதான், ஆனாலும் நூறு ஆம்பியர் போகும்போது அங்கே ஒரு வோல்ட் விழுந்துவிடும். பல்புக்கு அது பெரிதில்லை. இரண்டரை வோல்ட்டுக்கும் மூன்றரை வோல்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துப் பேசிக்கொள்ளும் எலக்ட்ரானிக்ஸுக்கு அது பெரிய விஷயம். அதனால் சிக்னலுக்கு அமைதியான தனி வழி.

எர்த் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றைப் பின் 4-லும், அப்புறம் 5-லும் வைத்துப் பாருங்கள். ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டுவிட்டுப் பார்க்க வேண்டும், சும்மா நிற்கும் காரில் பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் தெரியும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் எங்கோ எர்த் போல்ட் இளகியிருக்கிறது அல்லது துரு.

இங்கே மல்டிமீட்டர் நம்மை ஏமாற்றும் ஒரு இடம் உண்டு. மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே எடுக்காது. பச்சை பூத்து ஒரே ஒரு இழை மட்டும் மிஞ்சியிருக்கும் வயரிலும் அது 12.5 வோல்ட் என்று ஜம்மென்று காட்டும். ஸ்கேனரை மாட்டியதும் அந்த வயரால் கரண்ட் கொடுக்க முடியாமல் வோல்டேஜ் சரிந்துவிடும், ஸ்கேனர் எரிந்து எரிந்து அணையும். அதனால் 16-க்கும் 4-க்கும் நடுவே பழைய பல்பு டெஸ்ட் லேம்ப் ஒன்றை மாட்டி, அது நல்ல பிரகாசமாக எரிகிறதா என்று பாருங்கள். மங்கலாக எரிந்தால் வயரில் கோளாறு. அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் டெஸ்ட் லேம்ப்பைக் கைவிடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் அதே டெஸ்ட் லேம்ப்பை மற்ற பின்களில், முக்கியமாக 6, 14, 7-ல் வைக்கவே கூடாது. அவை தகவல் போகும் வயர்கள், பல்பைத் தாங்கும் வேலை அவற்றுக்கு இல்லை.

கரண்ட் சரி, எர்த் சரி, ஸ்கேனர் ஆன் ஆகிறது, ஆனால் கார் பதில் சொல்லவில்லை. இனிதான் தகவல் வயர்கள். உங்கள் காரில் எந்த வழியில் பேச்சு நடக்கிறது என்று தெரிந்துகொள்ள மேனுவல் தேட வேண்டியதில்லை, டார்ச் அடித்து எந்தெந்த ஓட்டையில் உலோகம் இருக்கிறது என்று பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். 4, 5, 16 எல்லாவற்றிலும் இருக்கும். 6-லும் 14-லும் உலோகம் இருந்தால் கேன் பஸ் என்ற இரண்டு வயர் முறை. 7-ல் மட்டும் இருந்தால் கே-லைன் என்ற ஒற்றை வயர் முறை, பழைய கார்கள் பலவற்றில் அப்படித்தான். மூன்றுமே இருக்கும் கார்களும் உண்டு.

கேன் என்பது ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய முறை. அதற்கு முன்னால் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு வயர் என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள், கதவுக்குப் போகும் வயர்க்கட்டு கை மணிக்கட்டு அளவுக்குத் தடித்துக்கொண்டே போனது. கேனில் இரண்டே வயர். எல்லா இசியூக்களும் அந்த இரண்டிலேயே தொங்கும், யார் வேண்டுமானாலும் பேசலாம், எல்லோரும் கேட்பார்கள், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் அவசரமான செய்தி முந்திக்கொள்ளும், மற்றது காத்திருக்கும். பின் 6 கேன்-ஹை, பின் 14 கேன்-லோ. யாரும் பேசாதபோது இரண்டும் 2.5 வோல்ட்டில் நிற்கும். பேசும்போது ஹை 3.5-க்கு ஏறும், லோ 1.5-க்கு இறங்கும். பூங்காவில் இருக்கும் ஏற்றஇறக்கப் பலகை மாதிரி, ஒரு பக்கம் எவ்வளவு ஏறுகிறதோ மறுபக்கம் அவ்வளவு இறங்கும். கேட்கும் இசியூ இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறது. இரண்டு வயரையும் ஒன்றோடொன்று முறுக்கி விட்டிருப்பதால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டையும் ஒரே அளவில் தாக்கும், வித்தியாசம் மாறாது. இக்னிஷன் காயில் பக்கத்திலேயே ஓடும் வயரில் விநாடிக்கு ஐந்து லட்சம் பிட் தகவல் பிழையில்லாமல் போவது இந்தச் சின்ன ஏற்பாட்டால்தான், எனக்கு இதை எப்போது யோசித்தாலும் வியப்பாக இருக்கும். இதனாலேயே, கேன் வயர் அறுந்து ஒட்டுப்போடும்போது முறுக்கைப் பிரித்து அப்படியே விட்டுவிடாதீர்கள், திரும்ப முறுக்கி விடுங்கள்.

அளப்பது எப்படி? சாவியை ஆன் செய்து, 6-க்கும் எர்த்துக்கும் இடையே பாருங்கள். மீட்டர் சராசரியைத்தான் காட்டும் என்பதால் 2.6, 2.7 என்று வரும். 14-ல் 2.3, 2.4 வரும். இரண்டையும் கூட்டினால் 5-ஐ ஒட்டி இருக்க வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் ஸ்கேனர் கேட்கும்வரை அந்த வயரில் பேச்சே நடக்காது, அப்போது இரண்டும் ஏறத்தாழ 2.5 என்று நிற்கலாம், அதுவும் சரிதான். ஏதாவது ஒன்று சுத்தமாக 0 என்றால் எர்த்தோடு ஷார்ட் ஆகியிருக்கலாம், 12 என்றால் பேட்டரி வயரோடு ஒட்டியிருக்கிறது. இரண்டும் துல்லியமாக ஒரே அளவு காட்டிக்கொண்டு, ஸ்கேனர் கேட்கும்போதும் அசையாமல் இருந்தால் ஒன்றோடொன்று ஷார்ட்.

அப்புறம் எனக்குப் பிடித்த சோதனை, ரெசிஸ்டன்ஸ். கேன் வயரின் இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும், பெரும்பாலும் ஏதாவது ஒரு இசியூவுக்குள்ளேயே. சிக்னல் கோடியில் முட்டி எதிரொலித்துத் திரும்பி வராமல் இருக்க அது தேவை. இரண்டு 120 ஓம் இணையாக இருந்தால் 60. ஆகவே பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு 6-க்கும் 14-க்கும் நடுவே அளந்தால் 60 ஓம் பக்கம் வர வேண்டும். 120 வந்தால் எங்கோ நடுவில் வயர் அறுந்து ஒரு ரெசிஸ்டர் துண்டிக்கப்பட்டிருக்கிறது. 0-ஐ ஒட்டி வந்தால் ஷார்ட். மீட்டர் எந்த ஓம் அளவும் காட்டாமல் இருந்தால் போர்ட்டுக்கு வரும் வயரிலேயே அறுப்பு. பேட்டரியைக் கழற்றாமல் அளக்காதீர்கள், வயரில் வோல்டேஜ் இருக்கும்போது மீட்டர் காட்டும் ஓம் கணக்குக்கு அர்த்தமே கிடையாது. போர்ட்டுக்கும் உள் வயர்களுக்கும் நடுவில் கேட்வே இசியூ (வாசல் காவலாளி மாதிரி தகவலை வடிகட்டி விடும் இசியூ) வைத்த கார்களில் இந்த அளவு நீங்கள் பார்க்கும் அந்தச் சிறு பகுதியைப் பற்றி மட்டுமே சொல்லும், உள்ளே நடப்பதைச் சொல்லாது, அதையும் நினைவில் வையுங்கள்.

ஷார்ட் என்று தெரிந்துவிட்டால் யார் காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மீட்டரை மாட்டி வைத்துக்கொண்டே ஒவ்வொரு இசியூவின் கனெக்டராகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது அளவு சட்டென்று மாறுகிறதோ அங்கே இருக்கிறது விஷயம், அந்த இசியூவாகவும் இருக்கலாம், அதற்குப் போகும் கிளை வயராகவும் இருக்கலாம். ரெசிஸ்டர் உள்ள இசியூவைக் கழற்றினால் 60 என்பது 120 ஆகும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். மழைநீர் புகுந்து டிரைவர் காலடிக் கம்பளத்துக்குக் கீழே ஊறிக்கிடக்கும் ஒரு கனெக்டர் மொத்தக் காரையும் ஊமையாக்கிவிடும். வெள்ளத்தில் நின்ற காரென்றால் முதலில் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள்.

கே-லைன் இதைவிட எளிது. பின் 7, ஒரே வயர், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், வேகமும் விநாடிக்குச் சுமார் பத்தாயிரம் பிட்தான். சும்மா இருக்கும்போது பேட்டரி வோல்டேஜை ஒட்டி நிற்கும், பேசும்போது எர்த்துக்கு இழுத்து இழுத்து விடும். சாவி ஆன் செய்து ஸ்கேனர் மாட்டிய நிலையிலும் 7-ல் 0 வோல்ட் என்றால் எங்கோ எர்த் ஆகியிருக்கிறது. பழைய கார்களில் ஸ்கேனர் இணைய நேரம் எடுக்கும், பொறுமையாக இருங்கள். அந்தக் கார்கள் சிலவற்றை எழுப்ப ஸ்கேனர் விநாடிக்கு ஐந்தே பிட் வேகத்தில் ஒரு முகவரியை அனுப்ப வேண்டும், அதற்கே இரண்டு விநாடி ஆகிவிடும். பக்கத்தில் இருக்கும் 15 எல்-லைன், எழுப்புவதற்கு மட்டும் சில கார்களில் பயன்பட்டது. இப்போது அநேகமாகக் காலியாகத்தான் கிடக்கும்.

கே-லைன் கார்களில் ஆடியோ செட் மாற்றிய கதையைக் கட்டாயம் கேளுங்கள். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பழைய மாடல்களில் கம்பெனி ரேடியோவும் கே-லைனில் இணைந்திருந்தது. அதை எடுத்துவிட்டு வெளியில் வாங்கிய செட்டை அதே கனெக்டரில் செருகும்போது, கே-லைன் வர வேண்டிய இடத்தில் புது செட்டின் வேறு வயர் வந்து உட்கார்ந்துவிடும். பாட்டு நன்றாகப் பாடும், ஸ்கேனர் மட்டும் எந்த இசியூவோடும் பேசாது. செட்டின் கனெக்டரை உருவினால் எல்லாம் பேசத் தொடங்கிவிடும். எந்தக் காரானாலும் 'கடைசியாக என்ன வேலை செய்தீர்கள்?' என்று கேட்பது இதனால்தான். செட், அலாரம், ரிவர்ஸ் கேமரா, ஜிபிஎஸ் என்று எதையாவது மாட்டியிருந்தால் அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

2, 10 இரண்டும் அமெரிக்கக் கம்பெனிகளின் பழைய முறைக்கு. ஃபோர்டு இரண்டையும் பயன்படுத்தியது, ஜெனரல் மோட்டார்ஸ் 2-ஐ மட்டும். 2008 மாடலிலிருந்து அமெரிக்காவிலேயே கேன்தான் கட்டாயம் என்றாகிவிட்டதால் நீங்கள் இதைச் சந்திக்க வாய்ப்பு குறைவு.

மிஞ்சிய 1, 3, 8, 9, 11, 12, 13 கம்பெனியின் விருப்பத்துக்கு விடப்பட்டவை. ஃபோர்டு 3-லும் 11-லும் இரண்டாவது கேன் ஒன்றை ஓட்டியது, ஜெனரல் மோட்டார்ஸ் 1-ல் ஒற்றை வயர் கேன் வைத்தது. புதிய சொகுசுக் கார்கள் சிலவற்றில் 3, 11, 12, 13 நான்கும் சேர்ந்து, கணினிகளை இணைக்கும் ஈதர்நெட்டாக வேலை செய்யும், 8 அதை எழுப்பும். ஆகவே ஒரு காரில் 3-ல் 12 வோல்ட் பார்த்தேன், இன்னொன்றில் ஒன்றுமில்லை என்று குழம்ப வேண்டியதில்லை. இந்தப் பின்களைப் பற்றி அந்த மாடலின் வயரிங் படம் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது. வயரின் நிறத்தை வைத்தும் முடிவு செய்யாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

சாக்கெட் ஒரே வடிவம் என்பதால் பேச்சும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிட முடியாது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த கார்கள் இலங்கையில் நிறைய ஓடுகின்றன, அவற்றில் இதே 16 பின் சாக்கெட் இருந்தும் பொதுவான ஓபிடி-2 செயலிகளுக்குப் பதில் சொல்லாதவை உண்டு. வயர், ஃபியூஸ் எல்லாம் சரியாகவே இருக்கும், அந்தக் கம்பெனியின் மொழி தெரிந்த ஸ்கேனர்தான் வேண்டும். அதேபோல் 24 வோல்ட் லாரிகளில் இதன் சகோதரச் சாக்கெட் வரும், நடுவில் இருக்கும் பள்ளம் இடையில் மறிக்கப்பட்டிருக்கும். 12 வோல்ட் அடாப்டரை அதில் வம்படியாக நுழைக்க வேண்டாம். மலிவான புளூடூத் அடாப்டர்களையும் முழுதாக நம்ப முடியாது, அவற்றில் பல நகல் சிப்புகள், சில கட்டளைகளே தெரியாது. இன்னொரு காரில் செருகிப் பார்த்துவிட்டு அப்புறம் உங்கள் காரைக் குறை சொல்லுங்கள்.

அடாப்டரை நிரந்தரமாகச் செருகியே வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 16-ல் எப்போதும் கரண்ட் இருக்கிறது என்று பார்த்தோம் அல்லவா, கார் லாக் ஆனாலும் அது குடித்துக்கொண்டேதான் இருக்கும். 40 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர்-அவர் (ஆம்பியர்-மணி). 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இரண்டு வாரத்தில் 14 போய்விடும், காரின் சொந்தச் செலவு தனி. தினமும் ஓட்டுகிற காருக்குப் பரவாயில்லை, ஊருக்குப் போய் மூன்று வாரம் நிறுத்தி வைக்கும் காருக்கு ஆகாது. இதே காரணத்தால் டேஷ்கேமுக்கு 16-லிருந்து வயர் இழுத்துக் கொடுப்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஃபியூஸ் போனால் கேமராவோடு போர்ட்டும் சாகும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. போர்ட் வழியாகப் படிக்க மட்டும் இல்லை, கட்டளையும் அனுப்ப முடியும். 2010-ல் வாஷிங்டன், கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு காரின் ஓபிடி போர்ட்டில் கருவியை இணைத்து, ஓடும் காரில் பிரேக்கையே செயலிழக்க வைத்துக் காட்டினார்கள். சாவி புரோகிராம் செய்வதும் பல மாடல்களில் இதே வழியாகத்தான். பின்னால் வந்த கார்கள் பலவற்றில் போர்ட்டுக்கும் மற்ற இசியூக்களுக்கும் நடுவில் கேட்வே ஒன்றை வைத்துவிட்டார்கள், படிக்க விடும், அனுமதி இல்லாமல் எழுத விடாது. ஸ்கேனர் கோடுகளைப் படித்துவிட்டு அழிக்க மட்டும் மறுத்தால், 6-லும் 14-லும் அளந்துகொண்டு நிற்காமல் இந்த மாடலில் கேட்வே பூட்டு உண்டா என்று முதலில் கேளுங்கள், அதைத் திறக்கும் அனுமதி உள்ள ஸ்கேனர் யாரிடம் இருக்கிறதோ அங்கே காரைக் கொண்டுபோக வேண்டியதுதான்.